தாய்மாமன் எழுதிய விலை

"ஏண்டா, ஒனக்கு வேற சோலியே இல்லையா? ஆதார் வேணுமாம்ல, ஆதாரு! போயி ஒங்க ஆத்தாகிட்ட வாங்கிக்க!"

நாகஜோதி போனை வைத்தபோது அவள் வேலை பார்க்கும் பாத்திரக்கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குத்துவிளக்கு வாங்க வந்த ஒரு அம்மாள் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "யாரு தாயி?" என்று கேட்டாள்.

"சிங்கப்பூர்லருந்து பார்சல் வந்து கஸ்டம்ஸ்ல நிக்கிதாம். வரி கட்டுனா குடுப்பாகளாம். எத்தன பேரு இப்பிடி ஏமாத்துறாய்ங்கன்னு தெனம் பேப்பர்ல போடுறாகள்ல, இன்னும் திருந்துறாய்ங்களா பாருங்க."

அவளைக் குறை சொல்ல முடியாது. இந்தக் காலத்தில் பார்சல் என்று போன் வந்தால் படித்தவர்களே பயப்படுகிறார்கள். ஆனால் பேசியவன் பாவம், உண்மையானவன். சென்னையில் ஒரு கூரியர் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு மூன்றாவது முறையாகப் பணிவாகப் பேசியிருக்கிறான். முதல் இரண்டு முறை அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.

சாயங்காலம் பஸ் ஏறி கோச்சடையில் வந்து இறங்கி, வீட்டு மாடிப்படி ஏறும்போதே கம்ப்யூட்டர் இரைகிற சத்தம் கேட்டது. உள்ளே மகள் பாண்டிமீனா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். வீடு கட்டுவதற்கு முன்பே கட்டி முடித்த வீட்டைச் சுற்றிக் காட்டுகிற படங்கள் செய்வது அவள் வேலை. ஹால், சமையலறை, ஜன்னலில் விழுகிற வெயில் என எல்லாம் நிஜம் மாதிரியே இருக்கும். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே செய்யச் சொல்லியிருந்தது. பிள்ளை கெட்டிக்காரிதான், கம்ப்யூட்டர்தான் கெட்டிக்காரத்தனம் இல்லாதது. பாதி படத்தில் இரைந்து இரைந்து தானாக அணைந்துவிடும். உள்ளே புதுசாக ஒரு கிராபிக்ஸ் கார்டு மாட்டாவிட்டால் பெரிய வேலை எதையும் நம்பித் தர முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. டவுன்ஹால் ரோட்டில் ஏறி இறங்காத கடையில்லை. ஒன்று, அவளுக்கு வேண்டிய கார்டு இருக்காது, அல்லது இருக்கிற இடத்தில் விலை கிட்டே நெருங்கவிடவில்லை.

"அம்மா, ஒனக்கு ஏதாச்சும் போன் வந்துச்சா?" என்றாள் பாண்டிமீனா.

"என்ன போனு?"

"பார்சல்னு."

நாகஜோதி கையிலிருந்த பையை மெதுவாக இறக்கி வைத்தாள். "ஒனக்கு எப்பிடிடி தெரியும்?"

"அது நெசப் பார்சல்மா. மாமா அனுப்பிருக்காரு. கார்டு."

மாமா என்றால் ஒரே ஒரு மாமாதான். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலுக்கு நடுவே நாகஜோதிக்குப் பின் பிறந்த ஒரே தம்பி, பேயாண்டி. சிங்கப்பூரில் கட்டட வேலை. அவனும் நாகஜோதியும் பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அப்பா செத்த வீட்டில்கூட ஒரே பந்தலின் கீழ் ஆளுக்கு ஒரு பந்தக்கால் பக்கம் நின்று அழுதார்களே தவிர, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பாண்டிமீனா மட்டும் மாமாவோடு வாட்சப்பில் பேசிக்கொண்டிருந்தாள். அது அம்மாவுக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தெரியாதது மாதிரி இருப்பதற்கு நாகஜோதி எவ்வளவு பாடுபட்டாள் என்பது அவளுக்குத் தெரியாது.

"நீ கேட்டியா அவன்கிட்ட?"

"கேக்கலம்மா. இங்க கெடைக்கலன்னுதான் சொன்னேன். அங்க இருக்குன்னாரு. காசு குடுத்துருறேன்னு சொன்னதுக்கு, தாய்மாமன்கிட்ட காசு பேசுறியான்னு போன வச்சிட்டாரு. பார்சல் ஓம்பேருக்குத்தான் வந்துருக்கு. சீருன்னா அக்கா பேருக்குத்தான் வரணும்னாரு."

சீர் என்ற சொல் காதில் விழுந்ததும் நாகஜோதி சேலை மாற்றுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

எல்லாம் பாண்டிமீனாவின் காதுகுத்தில் வந்த வினை. பங்காளிகளுக்குள் கோயில் சண்டை தீர்ந்து வாடிப்பட்டிப் பக்கத்துக் குலசாமி கோயிலில் காதுகுத்து வைப்பதற்குள் பிள்ளைக்கு ஒன்பது வயதாகிவிட்டது. காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். தாய்மாமன் கொண்டுவந்த தோடுதான் காதில் ஏற வேண்டும். பேயாண்டி அப்போதுதான் சிங்கப்பூர் போயிருந்தான். ஏஜெண்ட் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. லீவு கிடைக்கவில்லை, தோடு வாங்கி அனுப்பவும் வழியில்லை. இது நாகஜோதிக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கடைசி நிமிஷம் வரை வாசலைப் பார்த்தாள். கடைசியில் சித்தப்பா மகன் வெள்ளைத்துரைதான் மடியில் உட்காரவைத்தார். நாகஜோதியே வாங்கி வைத்திருந்த தோட்டை அவர் கையில் கொடுத்துப் போடச் சொன்னாள். மைக்கில் தாய்மாமன் சீர் என்று வெள்ளைத்துரை பேரைச் சொன்னார்கள். அந்த அவமானத்தை அவள் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை. அதைவிட, அன்றைக்குப் பிறகு தம்பி ஒரு போன்கூடப் பண்ணவில்லையே என்பதுதான் பெரிய வலி. தப்புச் செய்தவன் அவன், அவனல்லவா பேச வேண்டும்?

ராத்திரிச் சாப்பாட்டின்போது சிக்கல் முழுசாக வெளியே வந்தது. நாகஜோதியின் புருஷன் அழகுபாண்டி குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். மார்க்கெட்டுக்கும் கொடவுனுக்குமாகக் காய்கறி ஏற்றி இறக்கி அலுத்து வந்து உட்கார்ந்திருந்தான்.

"சும்மா குடுக்குற பொருளுக்கு எதுக்கு வரி?" என்றான்.

"சும்மா குடுத்தாலும் வெளிநாட்டுல இருந்து வந்தா வரி உண்டுப்பா. பொருள் என்ன வெலைன்னு பார்சல்ல எழுதிருக்கோ, அதுக்கு ஏத்த மாதிரி. அது எனக்கு மொதல்லயே தெரியும். வரிக்குன்னு சேத்துத்தான் வச்சிருந்தேன்." பாண்டிமீனா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மாமா வெலைய ரெண்டு மடங்கா எழுதிட்டாரு. வரியும் ரெண்டு மடங்காயிருச்சு."

அழகுபாண்டி சிரித்த சிரிப்பில் புரையேறியது. "சீரு வாங்குறதுக்கு நாம கவர்மெண்டுக்கு மொய் எழுதணுமா? ஒந்தம்பி பெரிய ஆளுதான் நாகு!"

"நெச வெலைக்கான பில்லக் குடுத்தா கொறைச்சுப் போடுவாங்களாம். மாமாகிட்ட கேட்டேன். பில்லு எங்கயோ போட்டுட்டேன்னு மழுப்புறாரு. வரியப் பத்தி அவருகிட்ட சொல்ல எனக்கு மனசு வரல. நீ ஒரு வார்த்த கேளும்மா. நீ கேட்டா குடுப்பாரு."

"இல்லாட்டி?"

"வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா அவருக்கே திரும்பிப் போயிரும்."

"போகட்டும், விடு," என்றான் அழகுபாண்டி. "தவண போட்டு நாமளே வாங்கிக்கிருவோம். கொஞ்சம் லேட்டாகும், அம்புட்டுத்தான்."

நாகஜோதி குழம்புச் சட்டியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் கடையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. கைமட்டும் பழக்கத்தில் ஓடியது. ஒரு கல்யாணச் சீருக்காக எடுத்த பாத்திரங்களில் விலைச் சீட்டுகளைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சீருக்கு என்று சொல்லி வாங்கினால் கடையில் முதல் வேலை அதுதான். தேங்காயெண்ணெய் தொட்டு நகத்தால் சுரண்டி, ஒட்டின தடம்கூடத் தெரியாமல் துடைத்துத் தர வேண்டும். சீர்ப்பொருளின் விலையைக் கொடுக்கிறவன் சொல்லலாம், மைக்கில் கத்தலாம், பில்லைத் தட்டில் விரித்தே வைக்கலாம். சில மாமன்மார் கல்லாவில் குனிந்து, "கொஞ்சம் ஏத்திப் போடுங்கண்ணே" என்று காதோடு கேட்பதும் உண்டு. ஆனால் வாங்குகிற அக்கா தங்கச்சி, இது என்ன விலை என்று கேட்கக் கூடாது. கேட்டால் உன் பாசத்தின் எடை என்ன என்று கேட்ட மாதிரி. அந்தக் கேள்வியைத்தான் பாண்டிமீனா அவளைக் கேட்கச் சொல்கிறாள். அதுவும் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு பேசுகிற முதல் பேச்சாக.

ஒரு வழி, கேட்க வேண்டும். இன்னொரு வழி, திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்புவது என்றால் என்ன என்பதும் அவளுக்குத் தெரியும்.

கடையின் பின்பக்கம் கொடவுன் வாசலில் ஒரு பித்தளை அண்டா இருக்கிறது. கடையில் வேலை செய்கிறவர்களெல்லாம் தண்ணீர் குடிப்பது அதிலிருந்துதான். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஆள் அதைத் தலையில் சுமந்து கொண்டுவந்தார். அக்கா வீட்டுக்குச் செய்த சீரை அவர்கள் ஏதோ கோபத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் கெஞ்சினார். பேர் வெட்டின பாத்திரத்தைத் திரும்ப எடுப்பதில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த மனுஷர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அண்டாவை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார், திரும்பி வரவே இல்லை. தாய்மாமன் அன்பளிப்பு என்று அதில் வெட்டியிருப்பதை நாகஜோதி ஒவ்வொரு நாளும் படித்துக்கொண்டேதான் தண்ணீர் மொள்ளுவாள். அன்றைக்கு மத்தியானமும் மொண்டாள். தம்ளர் வாய்க்குப் போகவில்லை.

அந்த ஆளின் முகத்தில் தன் தம்பியை வைத்துப் பார்த்தாள். தாங்கவில்லை. மகளிடமிருந்து எப்போதோ திருட்டுத்தனமாக எடுத்து, 'தம்பி' என்று மட்டும் போட்டு வைத்திருந்த நம்பரை அமுக்கினாள்.

ஒரே மணியில் எடுத்துவிட்டான்.

"அக்கா?"

விலையைக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். "சாப்ட்டியாடா?" என்றுதான் வந்தது.

"சாப்ட்டேன்க்கா. நீ?"

"ம்."

அவன் பக்கம் ஏதோ இரும்பு மோதுகிற சத்தமும், வேறு பாஷையில் யாரோ கத்துவதும் கேட்டன.

"பார்சல் வந்துருச்சாக்கா?"

"வந்துக்கிட்டு இருக்கு. மெட்ராஸ் வரைக்கும் வந்துருச்சு."

"வாடிப்பட்டிக்காரரு ஒருத்தரு ஊருக்குக் கெளம்புனாரு. குடு, துணிக்குள்ள சுத்திக் கொண்டுபோயிருவோம், ஒருத்தனும் கேக்க மாட்டான்னாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன். சீரப் போயி துணிக்குள்ள ஒளிச்சா குடுத்துவிடுறது? ஊரறிய வரணும்ல?"

ஊரறிய வந்துதான் கஸ்டம்ஸில் நிற்கிறது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. சமாளித்துக்கொண்டு, "அது சரிடா. பார்சல்ல என்னமோ வெல எழுதிருக்கியாமே, அம்புட்டு வெலையா அது?" என்று கேட்டேவிட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கூடத்தான் எழுதிட்டேன்க்கா."

"ஏண்டா?"

"பாப்பா காதுகுத்து அன்னைக்கி வெள்ளத்துர அண்ணே எனக்குப் போனப் போட்டு, அப்பிடியே சட்டப்பையில வச்சுக்கிட்டாரு. வர முடியாட்டி கேக்கவாச்சும் செய்யிடான்னு. நான் இங்க சாரத்துக்குக் கீழ நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். மேளம் கேட்டுச்சு. பாப்பா அழுதது கேட்டுச்சு. மைக்குல ஒவ்வொரு பேரா வாசிச்சுக்கிட்டே வந்தாய்ங்க. தாய்மாமன் சீர்னு சொன்னதும் மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னேன். எம்பேரு வராதுன்னு தெரியும்க்கா. தெரிஞ்சும் நின்னேன்."

நாகஜோதி அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப பார்சல் போடயில, பொருளோட வெலைய எழுதுன்னு கூரியர்ல சொன்னாய்ங்க. கார்டு வெலைய எழுதப் போனேன். எழுதுறதுக்குள்ள, இது பத்தாதேன்னு தோணுச்சு. அன்னைக்கி நான் வந்துருந்தா மைக்குல என்ன சொல்லிருப்பாய்ங்களோ, அதையும் சேத்து எழுதிட்டேன். தப்பாக்கா?"

அவளுக்கு வேறொன்று உறைத்திருந்தது. சீர் வாசித்து முடித்ததும் பந்தலுக்குப் பின்னால் போய், வெள்ளைத்துரையின் முன்னால் நின்றுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். எனக்குக் கூடப்பிறந்தவன் என்று ஒருத்தன் இருந்தான், இன்றோடு இல்லை என்று. சொன்னது காற்றோடு போயிற்று என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

"பேயாண்டி, போனு எதுவரைக்கும்டா ஆன்ல இருந்துச்சு?"

"கடேசி வரைக்கும் இருந்துச்சுக்கா."

"நான் சொன்னது..."

"கேட்டுச்சு."

அதனால்தான் போன் வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவன் பேசட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவனோ, இல்லை என்று சொல்லிவிட்டவளிடம் எந்த முகத்தோடு பேசுவது என்று இருந்திருக்கிறான். கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தை வெள்ளைத்துரையின் சட்டைப்பை வழியாகக் கடல்தாண்டிப் போய் அவனைக் குத்தியிருக்கிறது. கடன்பட்டு, கண்காணாத ஊரில், ஒற்றை ஆளாய் நின்றுகொண்டிருந்தவனை. சத்தம் வெளியே வராமல் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அவள் அழுவது அவனுக்குக் கேட்டது. அவனும் போனை வைக்கவில்லை.

"கோவத்துல சொன்னதுடா. அத நெசம்னு நெனச்சியா? நீ இல்லாம எனக்கு யாருடா இருக்கா?"

"அழாதக்கா. கடையில யாராச்சும் பாத்துறப் போறாங்க." அவன் குரலும் உடைந்திருந்தது. பிறகு ஏதோ தோன்றியவனாக, "ஆமா, எதுக்கு வெல கேட்ட? பார்சல்ல ஏதும் சிக்கலா?" என்றான்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அண்டாவில் வெட்டியிருந்த எழுத்தைப் பார்த்தாள்.

"சிக்கலெல்லாம் ஒண்ணுமில்ல. எந்தம்பி என்ன சீரு செஞ்சான்னு கடையில கேட்டாளுக. பீத்திக்கிறதுக்குத்தான்."

வீட்டுக்கு வந்ததும் பாண்டிமீனா ஓடிவந்தாள். "பில்லு கேட்டியாம்மா?"

"கேக்கல. எழுதுன வெலைக்கே வரியக் கட்டிருவோம்."

"அம்மா! அந்த வெல பொய்மா. பொய் வெலைக்குப் போயி எவனாச்சும் வரி கட்டுவானா?"

நாகஜோதி மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து மத்தியானம் தம்பி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். சட்டைப்பையைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு, தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"அதுல ஒரு பாதி ஒங்கார்டோட வெல. மறுபாதி எனக்கு அனுப்புனது. ஒம்பாதிக்கு நீ கட்டு. எம்பாதிக்கு நான் கட்டுறேன்."

பாண்டிமீனா அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "ஓம்பாதிக்கு ஏது காசு?" என்றாள்.

"சீட்டு எடுத்தது இருக்குல்ல."

"அது பிரிட்ஜுக்குல்ல?" என்று கேட்டபடி உள்ளே வந்த அழகுபாண்டி, அழுது சிவந்திருந்த மனைவியின் முகத்தைப் பார்த்தான். வாங்கிய பூவை மெதுவாக டிவி மேல் வைத்தான். "இந்தப் பிரிட்ஜுக்கு என்ன கேடு? கதவ மட்டும் ஒரு தட்டுத் தட்டிச் சாத்துனா இன்னும் ரெண்டு வருசம் ஓடும். நான் தட்டிக்கிறேன்."

நாகஜோதி கூரியர்காரனுக்குத் தானே போன் பண்ணினாள். ஆதார் அனுப்பினாள். பாண்டிமீனா பணத்தைக் கட்டினாள். நாகஜோதி போனை வைப்பதற்கு முன், "தம்பி, நான் அன்னைக்கிக் கொஞ்சம் கூடப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதப்பா" என்றாள். "பரவால்லம்மா, எல்லாரும் அதவிடக் கூடத்தான் பேசுவாங்க" என்றான் அவன்.

பார்சல் வந்த அன்று அவள் கடைக்கு லீவு போட்டாள். பைக்கில் வந்த கூரியர்காரர் பெட்டியை நீட்டினார். நாகஜோதி கைநீட்டி வாங்கவில்லை. சோழவந்தான் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம் எல்லாம் வைத்த பித்தளைத் தட்டை நீட்டி, "இதுல வைங்கண்ணே" என்றாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு கணம் விழித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு இரண்டு கையாலும் வைத்தார். அவருக்கும் அக்கா தங்கச்சி இருப்பார்கள்.

பெட்டிக்குள் கார்டு ஒரு செங்கல் கனம் இருந்தது. பாண்டிமீனா அதை மாட்டி கம்ப்யூட்டரைப் போட்டாள். சத்தமே இல்லை. ஓடுகிறதா இல்லையா என்று அழகுபாண்டி குனிந்து காதை வைத்துக் கேட்டான். பாதியில் அணைந்துபோன அந்த ஹால் படம் டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் முழுசாக வந்து நின்றது. ஜன்னலில் வெயில் விழுந்திருந்தது. பாண்டிமீனா அதைப் பார்த்துக் கைதட்டினாள். பிள்ளையின் முகத்தை நாகஜோதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கார்டக் கழட்டிக் குடுடி," என்றாள் பிறகு.

"எதுக்கு?"

"பேரு வெட்டணும்."

"அய்யோ, கார்டுல வெட்டுனா அது செத்தே போயிரும்மா!" பாண்டிமீனா இரண்டு கையையும் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் தாயும் மகளும் மல்லுக்கட்டி, கடைசியில் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிக் கொடுப்பது என்று முடிவானது. அது இரும்பு, என்ன வெட்டினாலும் தாங்கும்.

மறுநாள் தகட்டைச் சேலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். பேர் வெட்டுகிற மொக்கைச்சாமி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குடம், அண்டா, பூஜைத் தட்டு என எத்தனையோ வெட்டியிருக்கிறார், இப்படி ஒரு பாத்திரத்தைப் பார்த்ததில்லை.

"இதுல என்னாத்தா சமைப்பாக?"

"வீடு சமைப்பாக. வெட்டுங்கண்ணே. பெரிய எழுத்தா இருக்கட்டும்."

மிஷின் கிர்ரென்று ஓடியது. அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. மருமகள் பாண்டிமீனாவுக்குத் தாய்மாமன் பேயாண்டி, சோழவந்தான், அன்போடு செய்த சீர்.

"தேதி? இன்னைக்கிப் போட்டுறவா?"

"இல்லண்ணே. ஒண்ணு, ஒம்பது, ரெண்டாயிரத்துப் பதிமூணு."

மொக்கைச்சாமி மிஷினை நிறுத்தினார். "என்னத்தா, பன்னெண்டு வருசம் முந்திப்போகுதே?"

"அன்னைக்கித்தான் பிள்ளைக்குக் காதுகுத்து. அந்தத் தேதியத்தான் வெட்டணும்."

அவர் அவள் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் வெட்டினார். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேயாண்டிக்கு லீவு. தகட்டைப் பழையபடி மாட்டி, பாண்டிமீனா வீடியோ காலில் கம்ப்யூட்டரைக் காட்டினாள். பேயாண்டிக்கு முன்தலை நரைத்திருந்தது. நாகஜோதி மகளுக்குப் பின்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கிட்டக் காட்டு பாப்பா. என்னமோ வெட்டியிருக்கு?" அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தான். தன் பேர் வந்ததும் சிரித்தான். "அடேங்கப்பா, கம்ப்யூட்டர்லயுமா பேரு வெட்டுவாக?" என்றான். அப்புறம் தேதிக்கு வந்தான்.

சிரிப்பு நின்றது. திரும்ப ஒருமுறை வாய்க்குள்ளேயே படித்தான். போன் சரிந்து, கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. கொஞ்ச நேரம் அவன் முகம் வரவே இல்லை. பாண்டிமீனா போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அப்பாவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

"தம்பி," என்றாள் நாகஜோதி.

"இருக்கேன்க்கா." முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி வந்தான். "அக்கா, அன்னைக்கிப் பந்தியில என்ன போட்டீங்க? அது மட்டும் போன்ல தெரியல."

"கெடாக்கறி போட்டோம். அப்பாவுக்குக் காரம் ஆகாதுன்னு தனியா ஒரு சட்டியில வச்சிருந்தேன். அந்த மனுசன் அதத் தொடாம ஒறப்பா இருந்ததத்தான் தின்னாரு."

"பாப்பா?"

"அதுக்கு எங்க சோறு எறங்குச்சு? கண்ணாடி குடுன்னு அழுதுச்சு. தோட்டப் பாக்கணுமாம்." நாகஜோதி கட்டிலில் வசதியாக உட்கார்ந்து போனைத் தலையணையில் சாய்த்து வைத்தாள். "மொதல்லருந்து சொல்லவாடா? பந்தக்கால் ஊனுனதுலருந்து?"

"சொல்லுக்கா," என்றான் பேயாண்டி. "இன்னைக்கி எனக்கு லீவுதான்."